கறவை மாட்டு உண்ணிக்கு ஊசியா, தெளிப்பா, முதுகில் ஊற்றுவதா?

உண்ணி பிடித்த மாட்டுக்கு என்ன செய்யலாம் என்று யாரைக் கேட்டாலும் முதலில் வருகிற பதில், "ஒரு ஊசி போட்டு விடுங்க, எல்லாம் கொட்டிப் போயிடும்" என்பதுதான். கிடேரிக்கும் காளைக்கும் அது நல்ல பதிலாகவே இருக்கலாம். காலையும் மாலையும் கறந்து சொசைட்டியில் பால் ஊற்றுகிற மாட்டுக்கும் அதையே சொல்வது தப்பு. எந்த மருந்துக்கு வீரியம் அதிகம் என்பதை மட்டும் பார்த்தால் முடிவு சரியாக வராது. மாடு கறவையில் இருக்கிறதா, உண்ணி எவ்வளவு இருக்கிறது, கொட்டகை மண் சுவரா சிமெண்டா, மருந்து அடிக்க வீட்டில் ஒத்தாசைக்கு ஆள் உண்டா என்று எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். ரெண்டு மூணு ஜெர்சி கலப்பின மாடு வைத்திருக்கிற வீட்டை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். காங்கேயம், உம்பளச்சேரி போன்ற நாட்டு மாடுகளில் உண்ணி இவ்வளவு ஏறாது, அவற்றின் தோலும் உடம்பும் உண்ணியைத் தாங்கி நிற்கும். கலப்பின மாட்டுக்கு அந்த வசதி இல்லை.

மருந்துக்குப் போகும் முன் உண்ணியின் வாழ்க்கையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் பாதி முடிவு அதிலேயே இருக்கிறது. நம் மாடுகளில் அதிகம் காண்பது ரிபிசெபாலஸ் மைக்ரோபிளஸ் என்ற வகை. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத குஞ்சாக மாட்டின் மேல் ஏறி, அதே மாட்டிலேயே ரெண்டு தடவை தோலுரித்துப் பெரிதாகி, வயிறு முட்ட ரத்தம் குடித்துவிட்டுக் கீழே விழ ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். வால் அடியிலும் மடியிலும் ஆமணக்கு விதை அளவுக்கு ஊதிப்போய்த் தொங்குமே, அது விழப்போகிற பெண் உண்ணி. அது விழுந்து சுவர் விரிசலிலோ எருக்கூளத்துக்கு அடியிலோ ஒதுங்கி 2000, 3000 முட்டை வரைக்கும் இட்டுவிட்டுச் செத்துப்போகும். பொரிந்து வரும் குஞ்சு, மாடு கிடைக்காவிட்டாலும் மாதக்கணக்கில் பசியோடு காத்திருக்கும். ஆக, மாட்டின் மேல் நாம் பார்ப்பது மொத்தக் கூட்டத்தில் ஒரு பங்குதான். மாட்டுக்கு மட்டும் மருந்து போட்டுக் கொட்டகையை விட்டுவிட்டால், அடுத்த கூட்டம் ஏறி வர அதிக நாள் ஆகாது. "மருந்து கேட்கவே மாட்டேங்குது" என்று வரும் புகாரில் நிறைய இந்த வகைதான்.

சரி, முதலில் ஊசி. ஊசி என்று பொதுவாகச் சொல்வது ஐவர்மெக்டின். இந்த மருந்தைக் கண்டுபிடித்ததற்காக ஒமுரா, கேம்ப்பெல் என்ற இரண்டு பேருக்கு 2015இல் நோபல் பரிசே கிடைத்தது, அவ்வளவு பெரிய மருந்து. 1 சதவீத மருந்தாக இருந்தால் 50 கிலோ எடைக்கு 1 மில்லி, கழுத்துத் தோலைத் தூக்கிப் பிடித்துத் தோலுக்கு அடியில் போடுவார்கள். நல்ல பக்கம் என்னவென்றால் ஒரே ஊசியில் உண்ணி, பேன், சொறிப் பூச்சி, குடலில் இருக்கிற உருண்டைப் புழு எல்லாவற்றுக்கும் வேலை நடக்கும். மாட்டை நனைக்க வேண்டாம், நக்கிவிடுமோ என்ற பயம் இல்லை, மழைக்காலத்திலும் போடலாம்.

கெட்ட பக்கம் பால். ஐவர்மெக்டின் கொழுப்பில் கரைந்து தங்குகிற மருந்து, பாலில் பல நாளைக்கு வந்துகொண்டே இருக்கும். மனிதர் குடிக்கிற பால் தரும் மாட்டுக்குப் போடக் கூடாது என்று பாட்டிலிலேயே எச்சரிக்கை இருக்கும். அப்படியிருந்தும் கறவை மாட்டுக்குப் போட்டுவிட்டு மறுநாள் காலைப் பாலைக் கேனில் ஊற்றி அனுப்புகிற வழக்கம் இருக்கிறது. அந்தப் பாலை நம் வீட்டுப் பிள்ளையும் குடிக்கும், பக்கத்து வீட்டுப் பிள்ளையும் குடிக்கும். இந்த ஒரு காரணமே எனக்குப் போதும், கறவை மாட்டுக்கு இந்த ஊசியை நான் பட்டியலிலேயே வைக்க மாட்டேன். இது தவிர இன்னொன்றும் இருக்கிறது. மருந்து சாணியில் வெளியேறும்போது, அந்தச் சாணியில் முட்டையிட்டு வளர்கிற சாணி வண்டின் புழுவையும் கொல்லும். சாணியை மண்ணுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கிற உயிர் அது, மேய்ச்சல் நிலம் வைத்திருப்பவர்களுக்கு அதன் அருமை தெரியும். அப்புறம், ஊசி போட்டதும் உண்ணி பொலபொலவென்று உதிராது. ரத்தம் குடிக்கக் குடிக்கத்தான் மருந்து அதற்குள் போகும், சாக நாளாகும். மாட்டில் கொஞ்ச நாளே தங்கிக் குடித்துவிட்டு இறங்கிப் போகிற ஹயலோமா வகை உண்ணியில் அவ்வளவு பலனை எதிர்பார்க்கவும் முடியாது.

எப்ரினோமெக்டின் என்று அதே குடும்பத்தில் ஒரு மருந்து உண்டு. பாலில் மிகக் குறைவாகவே இறங்குவதால் பல நாடுகளில் கறவை மாட்டுக்கே அனுமதித்திருக்கிறார்கள். நம் ஊர்க் கடையில் கிடைத்து, டாக்டரும் எழுதிக் கொடுத்தால் பார்க்கலாம். கேட்ட உடனே கையில் கிடைக்கிற சரக்கு இல்லை என்பதால் அதை நம்பித் திட்டம் போட முடியாது.

இனி தெளிப்பு. கறவை மாடு வைத்திருக்கிற சின்ன வீட்டுக்கு என் முதல் தேர்வு இதுதான். கடையில் ரெண்டு வகை கிடைக்கும். பியூடாக்ஸ் என்று எல்லோரும் கேட்டு வாங்குவது டெல்டாமெத்ரின், 1.25 சதவீத மருந்து. இன்னொன்று அமிட்ராஸ், 12.5 சதவீதம். உண்ணிக்கு ரெண்டுமே பெரும்பாலும் லிட்டர் தண்ணீருக்கு 2 மில்லி என்ற கணக்குதான், ஆனாலும் வாங்கின பாட்டிலின் லேபிளைப் படித்துவிட்டே கலக்க வேண்டும், சதவீதம் மாறினால் அளவும் மாறும். செலவு என்று பார்த்தால் எல்லா மருந்திலும் இதுதான் மலிவு.

இங்கே மருந்தைவிட அடிக்கிற விதம் முக்கியம். ஒரு லிட்டர் கலந்து, முதுகிலும் விலாவிலும் ரெண்டு இழுப்பு இழுத்துவிட்டு வேலை முடிந்தது என்று போவதுதான் எங்கும் நடக்கிறது. உண்ணி முதுகிலா இருக்கிறது? காதுக்குள், கழுத்துக்குக் கீழே தொங்கும் அலைதாடியின் மடிப்பில், முன்னங்கால் இடுக்கில், மடிக்கும் தொடைக்கும் நடுவில், வாலைத் தூக்கினால் தெரிகிற அந்த மெல்லிய தோலில்தான் அப்பிக்கிடக்கும். ஒரு பெரிய மாட்டுக்குக் குறைந்தது நாலைந்து லிட்டர் கலவை வேண்டும். 10 லிட்டர் வாளியில் 20 மில்லி மருந்து கலந்தால் ரெண்டு மாட்டுக்குச் சரியாக இருக்கும். முடியின் போக்குக்கு எதிராக அடித்தால்தான் மருந்து தோலில் படும். ஒருத்தர் வாலைத் தூக்கிப் பிடிக்க, இன்னொருத்தர் கீழிருந்து மேலாக அடிக்க வேண்டும். காதுக்குள் தெளிக்காமல், கலவையில் நனைத்த துணியை விரலில் சுற்றித் துடைத்து விட வேண்டும், கண்ணிலும் மூக்கிலும் வாயிலும் படக் கூடாது. ஸ்பிரேயர் இல்லாவிட்டால் துணியால் உடம்பு முழுக்கத் தேய்த்தாலும் போதும், சொல்லப்போனால் அதில் ஒரு இடம்கூட விட்டுப்போகாது. கையுறை கட்டாயம்.

அடிப்பதற்கு முன் சில வேலைகள் உண்டு. பால் கறந்து முடித்த பிறகுதான் அடிக்க வேண்டும், அப்போதுதான் அடுத்த கறவைக்குள் நேரம் இருக்கும். அந்தக் கறவைக்கு முன் மடியையும் காம்பையும் நன்றாகக் கழுவ வேண்டும். பாலை எத்தனை வேளைக்குத் தள்ளி வைக்க வேண்டும் என்று லேபிளில் போட்டிருந்தால் அதை அப்படியே கேட்க வேண்டும். மாட்டுக்கு வயிறு நிறையத் தண்ணீர் காட்டிவிட்டால் தாகத்தில் உடம்பை நக்காது. காயும் வரை தலையைக் கொஞ்சம் உயர்த்திக் கட்டுவது நல்லது. உச்சி வெயிலும் வேண்டாம், மழை வருகிற மாலையும் வேண்டாம். முதல் நாளே மாட்டைக் கழுவிச் சாணி ஒட்டாமல் வைத்திருந்தால் மருந்து பிடிக்கும். வயலுக்குக் களைக்கொல்லி அடித்த டேங்கை எவ்வளவு கழுவினாலும் மாட்டுக்குப் பயன்படுத்தாதீர்கள், தனியாக ஒரு சின்னக் கைத்தெளிப்பான் வாங்கிவிடுங்கள். அமிட்ராஸ் என்றால் கலந்த அன்றே தீர்த்துவிட வேண்டும், மிச்சத்தை வைத்திருந்தால் வீரியம் போய்விடும். குதிரை வைத்திருப்பவர்கள் அந்தப் பக்கமே அமிட்ராஸைக் கொண்டுபோகக் கூடாது.

ஒரு தடவை அடித்தால் முடியாது. உண்ணி மூன்று வாரம் மாட்டில் இருக்கிறது என்று சொன்னேன் இல்லையா, முதல் தெளிப்புக்குப் பிறகு கொட்டகையிலிருந்து புதுசாக ஏறுகிற குஞ்சுகள் முழுசாக வளர்ந்து விழுவதற்குள் மறுபடி அடிக்க வேண்டும். 14, 15 நாள் இடைவெளி விட்டு ரெண்டாவது, அப்புறம் தேவைப்பட்டால் மூன்றாவது. இதை விடாமல் செய்தால்தான் சங்கிலி அறும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. டெல்டாமெத்ரினுக்குப் பழகிப்போன உண்ணிகள் இந்தியாவில் பல மாநிலங்களில் இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சரியான அளவில், உடம்பு முழுக்க நனைய அடித்தும் மூன்று நாள் கழித்து உண்ணி உயிரோடு காலை ஆட்டிக்கொண்டிருந்தால், மருந்தை மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. அப்போது அளவைக் கூட்டுவதில் பிரயோஜனம் இல்லை, மாட்டுக்குத்தான் ஆபத்து. மாற்றும்போதும் பேர் மாறினால் போதாது. டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின், ஃப்ளூமெத்ரின் மூன்றும் ஒரே குடும்பம், பேரின் கடைசியில் "மெத்ரின்" என்று வருவதே அடையாளம். ஒன்று கேட்கவில்லை என்றால் மற்றதும் கேட்காமல் போக வாய்ப்பு அதிகம். அப்போது அமிட்ராஸுக்குப் போக வேண்டும், அது வேறு குடும்பம். கடைக்காரர் வேறு கம்பெனிப் பாட்டிலைக் கொடுத்தால் உள்ளே இருக்கிற மருந்தின் பேரைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

முதுகில் ஊற்றுகிற மருந்து என்பது பெரும்பாலும் 1 சதவீத ஃப்ளூமெத்ரின். 10 கிலோ எடைக்கு 1 மில்லி, கழுத்து முடிவிலிருந்து வால் அடிவரைக்கும் முதுகெலும்பின் மேல் கோடாக ஊற்றினால் போதும், தோலின் எண்ணெய்ப் பசையோடு சேர்ந்து உடம்பெல்லாம் பரவும். தண்ணீர் கலக்க வேண்டாம், ரெண்டு பேர் வேண்டாம், ஐந்து நிமிட வேலை. வயதானவர் தனியாக மாடு பார்க்கிற வீட்டுக்கும், தண்ணீர்ப் பஞ்சமான ஊருக்கும், தெளிக்கிற சத்தத்துக்கே துள்ளுகிற மாட்டுக்கும் இது பெரிய வரப்பிரசாதம். உயிர் தப்பிய பெண் உண்ணிகூட முட்டை ஒழுங்காக இடாது, இட்டாலும் பொரிப்பது குறையும், அது கூடுதல் லாபம். ஆனால் தெளிப்பை விட மாட்டுக்கு ஆகிற செலவு அதிகம். முதுகில் சாணி காய்ந்து அப்பியிருந்தாலோ, ஊற்றின கையோடு மழை பிடித்தாலோ காசு வீண். காதுக்குள்ளும் வால் அடியிலும் போய்ச் சேர நேரம் எடுக்கும். டெல்டாமெத்ரின் கேட்காத கொட்டகையில் இதை நம்பி வாங்குவது புத்திசாலித்தனம் இல்லை, காரணம் மேலே சொன்னதுதான்.

ஊசிக்கும் ஊற்றுகிற மருந்துக்கும் எடை தெரிந்தாக வேண்டும். கண் பார்வையில் சொல்கிற எடை ரொம்பவே ஏமாற்றும். தையல் டேப்பை எடுத்து முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி அளந்துகொள்ளுங்கள், தோள் முனையிலிருந்து பிட்ட எலும்பின் முனைவரை நீளத்தையும் எடுங்கள், ரெண்டும் அங்குலத்தில். நெஞ்சுச் சுற்றளவை அதே எண்ணால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 660ஆல் வகுத்தால் கிலோவில் எடை வரும். சுற்றளவு 64, நீளம் 56 என்றால் ஏறக்குறைய 347 கிலோ. அந்த மாட்டுக்கு முதுகில் ஊற்ற 35 மில்லி வேண்டும். 20 மில்லி ஊற்றிவிட்டு மிச்சம் பிடித்தால், சாகாமல் பழகிக்கொள்ளும் உண்ணியைத்தான் வளர்க்கிறோம்.

மூலிகைக்கு வருவோம். இதைக் கேலி செய்கிறவர்களும் உண்டு, இது மட்டுமே போதும் என்று சத்தியம் செய்கிறவர்களும் உண்டு. தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் மரபுசார் மூலிகை முறையில் சொல்லித்தருகிற கலவை இது: பூண்டு 10 பல், வேப்பிலை ஒரு கைப்பிடி, வேப்பங்கொட்டை ஒரு கைப்பிடி, வசம்பு 10 கிராம், மஞ்சள் தூள் 20 கிராம், துளசி ஒரு கைப்பிடி, உண்ணிச்செடி இலை ஒரு கைப்பிடி. எல்லாவற்றையும் அரைத்து ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, வெயில் இருக்கிற நேரமாகப் பார்த்து மாட்டின் மேல் தெளிக்க வேண்டும், கொட்டகை விரிசலிலும் அடிக்க வேண்டும். வாரம் ஒரு தடவை, உண்ணி ஒழிகிறவரை. வசம்பை அரைப்பதுதான் சிரமம், முந்தைய நாள் இரவே தட்டி ஊறப்போட்டால் மிக்சியில் சுலபமாக அரைபடும். வேலி ஓரத்தில் கொத்துக் கொத்தாக மஞ்சளும் இளஞ்சிவப்புமாகப் பூத்துக் கிடக்குமே, அதுதான் உண்ணிச்செடி. அந்த இலை மாட்டின் வயிற்றுக்குப் போனால் ஈரலைக் கெடுக்கும் விஷம், அரைத்த சக்கையைத் தீவனத் தொட்டிப் பக்கம் போட்டுவிடாதீர்கள்.

என் கருத்தில், உண்ணி கொஞ்சமாக இருக்கும்போதும், இளங்கன்றுக்கும், தெளிப்பு மருந்துக்கு நடுவில் வருகிற வாரங்களுக்கும் மூலிகை நல்ல தேர்வு. பாலைப் பற்றிய கவலை இல்லை. ஆனால் காது நிறைய, மடி நிறைய அப்பிக்கிடக்கிற மாட்டுக்கு இதை மட்டும் நம்பி வாரக்கணக்கில் காத்திருந்தால் ரத்தம் வற்றிப்போகும். அங்கே மருந்தடித்து முதலில் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டு அப்புறம் மூலிகைக்கு வருவதுதான் முறை.

கையால் பிடுங்குவதை ஒரு வழியாகவே யாரும் சொல்வதில்லை, நான் சொல்வேன். கறக்க உட்காரும்போது மடியில் ஊதிப்போய் நிற்கிற பெண் உண்ணியை ஒன்று எடுத்தால் ஆயிரக்கணக்கில் முட்டையைத் தடுத்த கணக்கு. தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும், முறுக்கினால் வாய் உள்ளேயே நின்று புண்ணாகும். எடுத்ததை மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் போடுங்கள். விரலால் நசுக்கவே வேண்டாம். 2011இல் குஜராத்தில் மனிதர்களைக் கொன்ற கிரிமியன் காங்கோ காய்ச்சலைப் பரப்புவது ஹயலோமா உண்ணிதான், அதன் ரத்தம் கையில் இருக்கும் சின்ன வெடிப்பு வழியாகக்கூட ஏறலாம்.

இனி கொட்டகை. மேலே எதைத் தேர்ந்தெடுத்தாலும் இதைச் செய்தே ஆக வேண்டும். மாட்டுக்கு அடிக்கிற அன்றே, மாட்டை வெளியே கட்டிவிட்டு, சுவர் விரிசல், தொட்டியின் அடி, கட்டுத்தறியைச் சுற்றியுள்ள மண், மூங்கில் கழியின் பொந்து எல்லா இடத்திலும் மருந்து இறங்க அடியுங்கள். தீவனமும் தண்ணீரும் அங்கே இருக்கக் கூடாது. சிமெண்ட் சுவராக இருந்தால் விரிசலைப் பூசி அடைத்துவிட்டாலே பாதிப் பிரச்சினை போச்சு. தகரக் கூரை வைத்த கட்டிடத்தில் தீ பீய்ச்சுகிற துப்பாக்கியால் சுவர் விரிசலைச் சுடுவதும் நன்றாக வேலை செய்யும், ஓலைக் கொட்டகையில் அதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். வெள்ளையடிக்கும்போது சுண்ணாம்பிலேயே பியூடாக்ஸைக் கலந்து அடிப்பதைப் பார்த்திருக்கிறேன். சுண்ணாம்பின் காரத்தில் மெத்ரின் குடும்ப மருந்துகள் சிதைந்துபோகும், அதனால் சுண்ணாம்பைத் தனியாக அடித்து நன்றாகக் காயவிட்டு மருந்தைப் பின்னால் வேறொரு நாள் அடிப்பதுதான் நல்லது. எருக்குழியைக் கொட்டகையை ஒட்டி வைக்காதீர்கள். நாட்டுக்கோழி நாலு கொட்டகையில் மேய்ந்தால் விழுந்த உண்ணியைப் பொறுக்கித் தின்றுவிடும், மாட்டின் காலடியிலும் அலைதாடியிலும்கூடக் கொத்தி எடுக்கும். ஆனால் மருந்தடித்த ஓரிரு நாளைக்குக் கோழியை அடைத்து வையுங்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். பருத்திக்கும் நெல்லுக்கும் முன்பு அடித்துவந்த மோனோகுரோட்டோபாஸ் போன்ற வயல் மருந்தை மாட்டின் மேல் அடிக்காதீர்கள். உண்ணி சாகும் என்பது நிஜம், கூடவே மாடு வாயில் நுரை தள்ளி, நடுங்கி, மூச்சுத் திணறி விழும், அடித்தவருக்கும் அதே கதிதான். அப்படி ஏதாவது நடந்துவிட்டால் மாட்டை உடனே சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டு, எந்த மருந்து பட்டது என்று பாட்டிலோடு டாக்டரிடம் காட்டுங்கள், அட்ரோபின் ஊசி நேரத்துக்குப் போட்டால் காப்பாற்ற வாய்ப்பு உண்டு.

இப்போது முடிவுக்கு வருகிறேன். கறவை மாடு, உண்ணி நிறைய: தெளிப்பு, 15 நாள் இடைவெளியில் ரெண்டு மூன்று தடவை, கொட்டகையோடு சேர்த்து. கறவை மாடு, ஆனால் ஒத்தாசைக்கு ஆள் இல்லை, காசு கொஞ்சம் கூடுதலாகப் போனாலும் சரி என்றால் முதுகில் ஊற்றும் மருந்து, பால் பற்றி லேபிள் என்ன சொல்கிறதோ அதன்படி. கிடேரி, காளை, பால் வற்றின மாடு, அதிலும் சொறியும் சேர்ந்து இருந்தால் ஐவர்மெக்டின் ஊசி, டாக்டர் கையால், எடை பார்த்து. பால் வற்றின சினை மாடு என்றால் கன்று ஈனும் தேதியையும் டாக்டரிடம் சொல்லுங்கள், ஈன்ற பிறகு பாலில் மருந்து வரக் கூடாது இல்லையா. மூன்று மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்குக் கையால் பிடுங்குவதும் மூலிகைத் துணியால் துடைப்பதும் முதலில், அதற்கு மேல் வேண்டுமென்றால் டாக்டர் சொல்லட்டும். கறவை மாட்டுக்குக் குடற்புழுவும் சேர்ந்து போகட்டும் என்பதற்காக ஊசிக்கு ஆசைப்படுகிறவர்கள், ஃபென்பெண்டசோல் மாதிரி வாய்வழி மருந்தைத் தனியாகக் கேட்டு வாங்கலாம். அல்பெண்டசோல் என்றால் சினை பிடித்த முதல் மாதங்களில் கொடுக்கக் கூடாது, கருவைப் பாதிக்கும்.

சந்தை மாடு தனிக் கணக்கு. கருங்கல்பாளையத்திலோ பொள்ளாச்சியிலோ பிடித்துக்கொண்டு வருகிற மாட்டை நேராக நம் கொட்டகையில் ஏற்றினால் எந்த ஊர் உண்ணியோ, எந்த மருந்துக்குப் பழகினதோ, அதுவும் கூடவே குடியேறும். ரெண்டு வாரம் தள்ளி மரத்தடியில் கட்டி, வந்த அன்றே ஒரு தடவை மருந்தடித்து, ரெண்டாவது தடவையும் அடித்த பிறகு மற்ற மாடுகளோடு சேருங்கள்.

உண்ணி ஒழிந்த பிறகும் மூன்று நாலு வாரத்துக்கு மாட்டைக் கவனிக்க வேண்டும், கடித்த உண்ணி விட்டுப்போன நோய் பிறகுதான் தலைகாட்டும். காப்பி நிறத்தில் மூத்திரம் போனால் பபேசியோசிஸ். கடும் காய்ச்சலோடு தோளுக்கு முன்னால் நெறி கட்டி, கண் இமையின் உள்பக்கம் வெளுத்துப்போனால் தைலேரியாசிஸாக இருக்கலாம். எதுவானாலும் காலை வரைக்கும் காத்திருக்காதீர்கள், கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962, இல்லாவிட்டால் பக்கத்து கால்நடை மருத்துவமனை. எந்த மருந்தை எந்தத் தேதியில் எவ்வளவு போட்டீர்கள் என்று கொட்டகைச் சுவரில் கரிக்கட்டியால் எழுதி வைத்திருந்தால் வருகிற டாக்டருக்கு அதுவே பெரிய உதவி.